இருபது தண்ணீர், ஆறு எத்தனால், ஒரு சுளகு

பாளையங்கோட்டை மார்க்கெட்டை ஒட்டிய சந்து ஒன்றில் ஆய்வகச் சாமான் கடை இருக்கிறது. முன்பக்கம் ஜெராக்ஸ், ரீசார்ஜ், பரீட்சை அட்டை. பின்பக்கம் பியூரெட், பிப்பெட், லிட்மஸ் தாள், குடல் தெரியும் பிளாஸ்டிக் தவளை. கடைக்காரர் ஆண் ஆசிரியர்களை ‘சார்வாள்’ என்பார், என்னை ‘டீச்சர்’ என்பார். எனக்கு அவர் அண்ணாச்சி. சேரன்மகாதேவிப் பக்கம் ஒரு பள்ளியில் இருபத்திரண்டு வருடமாக மேல்நிலை வகுப்புகளுக்கு வேதியியல் எடுக்கிறேன். அதில் பதினெட்டு வருடம் கொள்முதல் அவரிடம்தான். பில் கேட்டால் தருவார், கேட்காவிட்டால் மறந்துவிடுவார். அது ஒன்றுதான் அவர்மீது எனக்குக் குறை.

ஜூலையில் போனபோது, தூசி படிந்த ஒரு அட்டைப் பெட்டியை மேசைமேல் வைத்தார். காந்தம் பதித்த மூலக்கூறு மாதிரிகள். எட்டு மாதமாக விற்கவில்லையாம். “வெளியே 1,350 ரூபாய் எழுதியிருக்கிறது. 1,200 கொடுங்கள். ஒரு வாரம் வைத்துப் பாருங்கள் டீச்சர், பிடிக்காவிட்டால் திருப்பித் தாருங்கள்” என்றார். அதோடு, மூடி போட்ட 100 மி.லி. கண்ணாடி அளவு ஜாடி ஒன்று 340 ரூபாய்க்கு எடுத்தேன். எத்தனால் இருக்கிறதா என்று கேட்டதற்கு, “அதற்கு லைசென்ஸ் வேண்டும், என்னைக் கம்பி எண்ண வைக்காதீர்கள்” என்று சொல்லி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் அரை லிட்டரைக் கட்டிக் கொடுத்தார்.

இந்தப் பெட்டியைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் ஜாடியை விட்டுவிட்டு இதைப் பற்றி மட்டும் பேச முடியாது என்பது போகப் போகத் தெரியும்.

முதலில் பெட்டிக்குள் இருப்பது. தண்ணீர் மூலக்கூறு 20, எத்தனால் 6, அசிட்டோன் 2, சோடியம், குளோரின் அயனிகள் தலா இரண்டு. எல்லாம் நெல்லிக்காய் அளவு. ஆக்சிஜன் சிவப்பு, ஹைட்ரஜன் வெள்ளை, கார்பன் கறுப்பு. பிளாஸ்டிக் நல்ல கனம். மாணவிகள் கீழே போட்டும் உடையவில்லை, நானும் ஒரு முறை போட்டேன். கூடவே ஒரு விளக்கத் தாள். அதன் பின்பக்கம் தமிழ். எந்த இயந்திரம் மொழிபெயர்த்ததோ, ‘ஹைட்ரஜன் பிணைப்பு’ என்று வர வேண்டிய ஒன்பது இடத்தில் ‘ஹைட்ரஜன் பத்திரம்’ என்று அச்சிட்டிருக்கிறார்கள். சார்பதிவாளர் அலுவலகத்தில் முத்திரைத்தாள் வாங்கிப் பதிய வேண்டும் போலிருக்கிறது. கரைப்பானுக்குத் ‘தீர்வு செய்பவர்’ என்று போட்டிருக்கிறார்கள். தாளைக் கிழித்துப் போட நினைத்தேன், ஆனால் வகுப்பில் அதைப் படித்துக் காட்டியதில் கிடைத்த சிரிப்பு பெட்டியின் பாதி விலைக்கு ஈடாகிவிட்டது.

தண்ணீர்த் துண்டுகளைப் பற்றி எனக்கு எந்தக் குறையும் இல்லை. கோணமானியை வைத்துப் பார்த்தேன். இருக்க வேண்டியது 104.5 பாகை, என் கண்ணுக்கு 105 என்று வந்தது. அதைவிட முக்கியம், காந்தங்களைச் சரியாகப் பதித்திருக்கிறார்கள். இரண்டு ஹைட்ரஜனுக்கும் ஒவ்வொன்று, ஆக்சிஜனின் முதுகில் இரண்டு. ஒரு மூலக்கூறின் ஹைட்ரஜனை இன்னொன்றின் ஆக்சிஜன் பிடித்து இழுப்பதுதான் ஹைட்ரஜன் பிணைப்பு. ஆகவே ஒரு தண்ணீர் இரண்டு கையால் கொடுக்கும், இரண்டு இடத்தில் வாங்கும். மொத்தம் நாலு உறவு. மலிவான பெட்டிகளில் ஆக்சிஜனுக்கு ஒரே காந்தத்தை வைத்து ஏமாற்றுவார்கள். இதில் அந்தத் திருட்டு இல்லை. இருபதையும் பொறுமையாகக் கோத்தால் பனிக்கட்டியின் அறுகோண வளையங்கள் வருகின்றன. நடுவே விரல் நுழையும் ஓட்டை. உறைந்தால் தண்ணீர் ஏன் சுமார் 9 சதவீதம் பெருக்கிறது, பனிக்கட்டி ஏன் மிதக்கிறது என்பதை நான் வாயால் சொல்லவே வேண்டியிருக்கவில்லை. எடை 18 உள்ள தண்ணீர் 100 பாகையில் கொதிக்க, அதே குடும்பத்தில் எடை 34 உள்ள ஹைட்ரஜன் சல்பைடு மைனஸ் 60 பாகையிலேயே கொதித்துப் போய்விடுவது ஏன் என்பதற்கும் அந்த நாலு பிடிதான் காரணம். கட்டியதைப் பிய்த்துப் பார்த்த பிள்ளைகளுக்குக் கை வலித்தது. அதுவே போதும்.

வில்லங்கம் அசிட்டோனில் வந்தது. அசிட்டோனுக்கு வாங்கத் தெரியும், கொடுக்கத் தெரியாது. அதன் ஆக்சிஜன், தண்ணீரின் ஹைட்ரஜனைப் பிடிக்கலாம். ஆனால் கார்பனோடு ஒட்டிய அதன் ஹைட்ரஜன்களுக்கு அப்படி ஒரு உறவைத் தொடங்கும் திராணி இல்லை. அதனால்தான் ஏறக்குறைய ஒரே எடையுள்ள இரண்டில் அசிட்டோன் 56 பாகையிலும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் 82 பாகையிலும் கொதிக்கின்றன. இப்படி நான் கரும்பலகையில் விளக்கிக்கொண்டிருக்கும்போதே, மேசைமேல் இரண்டு அசிட்டோன் துண்டுகளும் ஒன்றையொன்று கட்டிப்பிடித்துக் கிடந்தன. முன்வரிசையில் இருந்த பெண் அதைத் தூக்கிக் காட்டினாள். என் மானம் போயிற்று.

சேலையில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றி ஒவ்வொரு வெள்ளை உருண்டையிலும் வைத்துப் பார்த்தேன். எத்தனாலில் சரி: ஆக்சிஜனை ஒட்டிய ஓ.எச். முனையின் ஹைட்ரஜன் மட்டுமே ஊக்கை இழுத்தது, வால்பக்கத்து ஐந்தும் சும்மா இருந்தன. அசிட்டோனில் ஒன்று சரி. இன்னொன்றில் ஆறு ஹைட்ரஜனுக்கும் காந்தம்! தொழிற்சாலையில் யாரோ தவறான டப்பாவிலிருந்து வெள்ளை உருண்டைகளை எடுத்து மாட்டியிருக்கிறார்கள். விளையாட்டுச் சாமானில் இது சின்னப் பிழை. பாடக் கருவியில் இது பொய். கணக்கு வாய்ப்பாட்டில் ஏழெட்டு ஐம்பத்து நாலு என்று அச்சிட்டு விற்பதைப் போன்றது.

எத்தனாலிலும் ஒரு சொட்டை உண்டு. அதன் ஆக்சிஜனுக்கு முதுகில் ஒரு காந்தம்தான். உண்மையில் தண்ணீரின் ஆக்சிஜனைப் போல அதற்கும் பிணைப்பில் சேராத இரண்டு தனி எலக்ட்ரான் இரட்டைகள் உண்டு, ஹைட்ரஜனைப் பிடிப்பவை அவைதான். இரண்டு இடம் வைத்திருக்க வேண்டும். நீர்ம எத்தனாலில் பெரும்பாலும் ஒன்று கொடுத்து ஒன்று வாங்கிச் சங்கிலியாகத்தான் நிற்கும் என்பதால் தனி எத்தனாலுக்கு இதை மன்னிக்கலாம். தண்ணீரோடு கலந்தால் மன்னிக்க முடியாது. பெட்டியின் மேல் ‘கலவைகளுக்கும் ஏற்றது’ என்று எழுதியிருக்கிறார்கள்.

கலவைக்கு ஏற்றதா என்று பார்க்கக் கலவை வேண்டுமே. பள்ளி ஆய்வகப் பீரோவில் இரண்டு பூட்டுக்குள் கொஞ்சம் தூய எத்தனால் இருந்தது. பர்னர்களை எல்லாம் அணைக்கச் சொல்லிவிட்டு, 50 மி.லி. எடுத்தேன். வாலைவடிநீர் 50 மி.லி. தாமிரபரணித் தண்ணீரே போதும் என்று ஆய்வக உதவியாளர் சொன்னார். ஆற்றின்மேல் அவருக்குள்ள பற்று பெரிது. இரண்டையும் புது ஜாடியில் ஊற்றி, மூடி, தலைகீழாகக் கவிழ்த்து எடுத்தேன்.

முதலில் உள்ளங்கையில் சூடு தெரிந்தது. 31 பாகையில் இருந்தது 37 ஆயிற்று. அளவு 97-க்கு வந்தது. சூடாக இருக்கும் திரவம் விரிந்திருக்கும் என்பதால், அதை அப்படியே நம்பக் கூடாது என்று சொல்லி, ஜாடியைத் தண்ணீர்த் தொட்டியில் நிறுத்திவிட்டு அடுத்த பாடவேளை முடிந்து வந்து பார்த்தோம். 96.5. மூடியைத் திறக்கவில்லை, சிந்தவில்லை. எடை போட்டால் கலக்கும் முன் இருந்த அதே 88.8 கிராம். மூன்றரை மி.லி. மட்டும் காணோம். ஜாடியின் கோடுகள் மெல்லியவை, பூசி எழுதியவை அல்ல, பொறித்தவை, அரை மி.லி. வரை தைரியமாகப் படிக்கலாம். 340 ரூபாய் கொடுத்து வாங்கலாமா என்று யாராவது கேட்டால், ஒன்றுக்கு இரண்டாக வாங்குங்கள் என்பேன்.

அப்போது அந்த முன்வரிசைப் பெண் தன் நோட்டைத் திருப்பினாள். முக்கூடல் பக்கத்துப் பிள்ளை, அம்மா பீடி சுற்றுகிறார், அதிகம் பேசாது. “டீச்சர், போன மாதம் நீங்கள் எழுதிப் போட்டீர்கள். எத்தனால்-தண்ணீர் ரௌலட் விதிக்கு நேர் விலக்கம் காட்டும். நேர் விலக்கம் என்றால் வெப்பம் கொள்ளும், கன அளவு கூடும். இது சூடாகியிருக்கிறதே, குறைந்தும் இருக்கிறதே?”

இருபத்திரண்டு வருடமாக நான் எழுதிப் போடும் வரி அது. என் ஆசிரியை எழுதிப் போட்டார், நான் எழுதிப் போட்டேன். ஒருமுறைகூட ஜாடியில் ஊற்றிப் பார்க்கத் தோன்றவில்லை. “நாளைக்குச் சொல்கிறேன்” என்றேன். ஆசிரியர் ஒருவர் ‘நாளைக்கு’ என்று சொன்னால் அதற்கு என்ன அர்த்தம் என்று பிள்ளைகளுக்கும் தெரியும்.

கலவையின் ஆவியழுத்தம் அதிலுள்ள பொருள்களின் பங்குக்கு ஏற்ப இருக்கும் என்பது ரௌலட் விதி. அந்தக் கணக்கைவிடக் கூடினால் நேர் விலக்கம். நேர் விலக்கம் உண்மைதான். எத்தனால்-தண்ணீர்க் கலவையின் ஆவியழுத்தம் கணக்குப்படி வர வேண்டியதைவிடக் கூடுதலாகத்தான் இருக்கிறது. அதனால்தான் எத்தனை முறை காய்ச்சி வடித்தாலும் எடையில் 95.6 சதவீத எத்தனாலோடு நின்றுபோகிறது. அந்தக் கொதிநிலை மாறாக் கலவை 78.2 பாகையில், தனி எத்தனாலுக்கும் ஒரு பொட்டு கீழே, கொதிக்கிறது. பிழை அடுத்த அடியில் இருக்கிறது. ‘ஆவியழுத்தம் கூடினால் ஈர்ப்பு குறைந்திருக்க வேண்டும், ஈர்ப்பு குறைந்தால் வெப்பம் உள்ளே போக வேண்டும்’ என்று ஒன்றிலிருந்து ஒன்றாகத் தாவிவிடுகிறோம். அசிட்டோன்-கார்பன் டைசல்பைடு போன்ற கலவைக்கு அது பொருந்திவிடுகிறது. தண்ணீர் வந்து உட்கார்ந்த சபையில் பொருந்துவதில்லை. ஆவியழுத்தத்தைத் தீர்மானிப்பது கட்டிலா ஆற்றல். அதில் வெப்பத்துக்கு ஒரு பங்கு, என்ட்ரோபி என்கிற கலைசலுக்கு ஒரு பங்கு. நம் கலவையில் வெப்பம் வெளியே வருகிறது. அது கலவையை இறுக்கும் பக்கம். ஆனால் இரண்டு பொருள் கலந்தால் வந்திருக்க வேண்டிய கலைசல் முழுதாக வரவில்லை. என்ட்ரோபியில் விழுந்த அந்தத் துண்டு, வெப்பத்தில் கிடைத்த வரவை விழுங்கி, அதற்கு மேலும் போய்விடுகிறது. ஆகவே கணக்கின் மொத்தம் நேர் விலக்கம். சூடாகும், சுருங்கும், ஆனாலும் ஆவியாகத் துடிக்கும்.

இதைப் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைக்கு எப்படிக் காட்டுவது? கலைசல் ஏன் வரவில்லை? அன்று இரவு சாப்பாட்டு மேசையில் பெட்டியைக் கொட்டி வைத்துக்கொண்டு கணக்குப் போட்டேன். மூலக்கூறுகளை எண்ணும் அலகான மோலில் சொன்னால், 50 மி.லி. தண்ணீர் சுமார் 2.8 மோல், 50 மி.லி. எத்தனால் சுமார் 0.85 மோல். பதின்மூன்று தண்ணீருக்கு நாலு எத்தனால். பெட்டியில் இருப்பது 20-க்கு 6. கிட்டத்தட்ட அதே விகிதம்! செய்தவர்கள் யோசித்து வைத்தார்களோ, மிஞ்சிய உருண்டைக்கு ஏற்ப வைத்தார்களோ, என் ஜாடியின் கலவை அப்படியே என் மேசைமேல் இருந்தது. அந்த நொடியில் அசிட்டோன் மேலிருந்த கோபம் பாதி தணிந்தது.

முதலில் கையால் அடுக்கிப் பார்த்தேன். கையால் அடுக்கினால் நாம் நினைத்ததுதான் வரும். எனக்குக் கல்லூரியில் சொல்லிக்கொடுத்த படம் மனதில் இருந்தது. 1945-இல் ஃபிராங்கும் எவான்ஸும் சொன்னது அது: எண்ணெய்த்தன்மையுள்ள வாலைச் சுற்றித் தண்ணீர் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கைகோத்துப் பனிக்கட்டி போல ஒரு கூண்டு கட்டுகின்றன, அதனால் ஒழுங்கு கூடுகிறது, என்ட்ரோபி குறைகிறது. அழகான படம். என் கையும் அழகாகக் கூண்டு கட்டியது. ஆனால் பின்னால் நியூட்ரான்களைச் செலுத்திப் பார்த்தவர்களுக்கு அப்படிப்பட்ட கெட்டியான கூண்டு தென்படவில்லை. 2002-இல் நேச்சர் இதழில் பிரிட்டன் ஆய்வாளர்கள் மெத்தனால்-தண்ணீர் பற்றி எழுதினார்கள். பத்து மூலக்கூறில் ஏழு மெத்தனால் உள்ள கலவை. கண்ணுக்குத் தெளிந்த ஒரே திரவம். உள்ளே பார்த்தால் தண்ணீர் சின்னச் சின்னச் சரமாகவும் கொத்தாகவும் தனியே சேர்ந்திருக்கிறது, மெத்தனாலின் எண்ணெய்த்தன்மையுள்ள மெத்தில் தலைகள் ஒரு பக்கம் ஒன்றோடொன்று நெருக்கியடித்து நிற்கின்றன. கலைசல் குறைந்ததற்குக் காரணம் கூண்டு அல்ல, மூலக்கூறு மட்டத்தில் கலவை முழுதாகக் கலக்கவே இல்லை என்பது அவர்கள் முடிவு. கல்யாண வீட்டுப் பந்தியில் மாப்பிள்ளை வீட்டாரும் பெண் வீட்டாரும் ஒரே பந்தலுக்குள்தான் இருப்பார்கள். யார் யாரோடு உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்த்தால்தான் விஷயம் தெரியும்.

என் ஜாடியில் இருப்பது எத்தனால், தண்ணீரும் அதிகம். அந்த ஆய்வுக் கலவை அல்ல. இருந்தாலும் கையால் அடுக்காமல் குலுக்கிப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. டிபன் பெட்டியில் போட்டுக் குலுக்கினேன். இரும்பு கலந்த பெட்டி போலிருக்கிறது, பாதி உருண்டை சுவரில் ஒட்டிக்கொண்டது. பிளாஸ்டிக் தட்டில் போட்டேன், சிதறி ஓடின. ஒரு தண்ணீர் அலமாரிக்கு அடியில் போய் இரண்டு நாள் கழித்துத்தான் கிடைத்தது.

மறுநாள் வகுப்பில் இந்தச் சங்கடத்தைச் சொன்னேன். அந்தப் பெண், “எங்கள் வீட்டுச் சுளகைக் கொண்டுவரவா டீச்சர்?” என்றாள். பீடித் தூளும் இலையும் வைத்துச் சுற்ற மடியில் போட்டுக்கொள்ளும் சுளகு. புகையிலை வாசம் போகாதது. மூங்கில்; காந்தத்துக்கு அதன்மேல் எந்த ஆசையும் கிடையாது; விளிம்பு உயர்ந்து மூன்று பக்கம் தடுக்கும். இருபதும் ஆறுமாகக் கொட்டிக்கொடுத்தோம். அரிசி புடைக்கிற கையால் அவள் புடைத்தாள். தரையில் பத்தமடைப் பாய் விரித்து எல்லோரும் சுற்றி உட்கார்ந்தோம்.

பத்துப் புடைப்புக்குள் தண்ணீர்கள் ஒன்றையொன்று தேடிப்பிடித்துச் சரமாகிவிட்டன. எத்தனால்கள் தனியே ஒதுங்கவில்லை. ஒவ்வொன்றும் தன் ஓ.எச். முனையைத் தண்ணீர்ச் சரத்தின் ஓரத்தில் மாட்டிக்கொண்டு வாலை வெளியே நீட்டியது. வெளியே நீண்ட வால்கள், வேறு போக்கிடம் இல்லாமல், ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாகச் சேர்ந்தன. யாரும் அடுக்கவில்லை. மூன்று முறை கலைத்துக் கலைத்துப் புடைத்தோம். மூன்று முறையும் வடிவம் வேறு, போக்கு ஒன்றே. எத்தனாலுக்கு இரண்டாவது காந்தம் வைக்காத குறை இங்கே தெரிந்தது. ஒரு தண்ணீர் எத்தனாலின் முதுகில் உட்கார்ந்துவிட்டால் இன்னொன்றுக்கு இடமில்லை. வைத்திருந்தால் சரங்கள் இன்னும் நன்றாகப் பின்னியிருக்கும்.

இன்னொன்றும் தெரிந்தது. புடைத்துக்கொண்டே இருக்கும்வரை பெட்டி உண்மை பேசுகிறது. சுளகைக் கீழே வைத்ததும் பொய் சொல்லத் தொடங்குகிறது. காந்தம் பிடித்தால் பிடித்ததுதான். ஹைட்ரஜன் பிணைப்பு ஒன்றின் ஆயுள் ஒரு நொடியின் இலட்சம் கோடியில் ஒரு பங்கு என்ற கணக்கில் இருக்கும். அறுந்து, வேறு ஆளைப் பிடித்து, மறுபடி அறுந்துகொண்டே இருக்கும். அதை அந்தத் தாளில் ஒரு வரிகூடச் சொல்லவில்லை. ‘பத்திரம்’ என்று போட்டுவிட்டால் பிறகு எப்படி அறுப்பது?

காணாமல்போன மூன்றரை மி.லி.யைப் பெட்டியால் காட்ட முடியவில்லை. காட்ட முடியும் என்று நினைத்து ஒரு மணி நேரத்தை வீணாக்கினேன். வழக்கமாகச் சொல்லும் உவமை, உளுந்தும் கடுகும்: ஒரு படி உளுந்தில் ஒரு படி கடுகைக் கொட்டினால் இரண்டு படி வராது. சொல்லலாம், ஆனால் அரை உண்மை. ஒரு உருண்டை சிறியது, இன்னொன்று பெரியது என்பது மட்டும் காரணமாக இருந்தால் சூடு ஏன் வருகிறது? தண்ணீரின் வலை ஓட்டையுள்ள வலை. அந்தத் திறந்த வெளியில் எத்தனாலின் வால் நுழைந்து இடம்பிடிக்கிறது, அதோடு புதுப் பிடிகளும் இறுகுகின்றன. தனியே இருக்கையில் ஒரு மோல் எத்தனாலுக்கு 58 மி.லி. இடம் வேண்டும். நிறையத் தண்ணீருக்குள் போட்டால் 55 மி.லி. சேர்த்தால்போல்தான் மட்டம் ஏறுகிறது. மெண்டலீவ் 1865-இல் தன் முனைவர் பட்டத்துக்கு எடுத்துக்கொண்டதே ஆல்கஹாலும் தண்ணீரும் கலப்பது பற்றித்தான். தனிம அட்டவணைக்கு நாலு வருடம் முன்பு அந்தத் தாடிக்காரர் இதே சுருக்கத்தோடு மல்லுக்கட்டியிருக்கிறார் என்றபோது வகுப்பு கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தது.

இதெல்லாம் கண்ணால் பார்க்காமல் எப்படித் தெரியும் என்று ஒரு பையன் கேட்டான். நியாயமான கேள்வி. ஓ-எச் பிணைப்பு எத்தனை வேகத்தில் அதிர்கிறது என்பதை ஒளியை வைத்துக் கேட்கலாம். இன்னொரு ஆக்சிஜன் அந்த ஹைட்ரஜனைப் பிடித்து இழுத்தால் அதிர்வு தளர்ந்து, நிறமாலையில் கோடு கீழே இறங்கி அகன்றுவிடும். 1928-இல் ராமனோடு சேர்ந்து சுமார் அறுபது திரவங்களில் ஒளியைச் சிதறவிட்டுப் பார்த்தவர் வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன். நமக்குப் பக்கத்து ஊர்க்காரர். இதைச் சொன்னபோது பையனின் முகத்தில் தெரிந்தது வேதியியல் ஆர்வமா, அங்கே இருக்கும் தன் மாமா வீட்டு நினைப்பா என்று தெரியவில்லை.

வாங்கிய மற்றச் சாமான்களையும் சொல்லிவிடுகிறேன். ஒரு வாரம் கழித்துப் போய், திரவத்தின் பாகுத்தன்மையை அது இறங்கும் நேரத்தால் அளக்கும் ஆஸ்வால்டு விஸ்காமீட்டர் ஒன்று வாங்கினேன். கண்ணாடி மெல்லியது, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். தண்ணீர் இறங்க ஒரு நிமிடம் ஆயிற்று. எத்தனால் ஒன்றரை நிமிடம். இரண்டும் பாதிப்பாதி கலந்தது எவ்வளவு நேரம் எடுக்கும் என்று பந்தயம் வைத்தோம். எல்லோரும் ஒன்றேகால் என்றார்கள். இரண்டரை நிமிடத்தையும் தாண்டியது. தனித்தனியே இரண்டும் ஓடும், சேர்ந்தால் நடக்கும். சுளகில் அந்தச் சரங்களைப் பார்த்த பிறகு இதற்கு நான் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலை வீட்டில் பார்த்தேன். அதற்கும் தண்ணீருக்கும் ஒரு தகராறும் இல்லை, எந்த அளவிலும் கலக்கும். 50-க்கு 50 கலந்து ஒரு சிட்டிகை மஞ்சள்தூள் போட்டேன். எல்லாம் ஒரே மஞ்சள். பிறகு தூத்துக்குடிப் பொடியுப்பைக் கரண்டி கரண்டியாகப் போட்டு, மூடிக் குலுக்கினேன். நாலைந்து கரண்டி போன பிறகு திடீரென்று நடுவில் ஒரு கோடு விழுந்தது. மேலே அடர்ந்த மஞ்சளில் ஆல்கஹால், கீழே வெளிறிய உப்புத் தண்ணீர், கரையாத தூள் நடுக்கோட்டில் மிதந்துகொண்டு. சோடியமும் குளோரைடும் தண்ணீர்களை ஆளுக்கு இத்தனை என்று இழுத்துக்கொண்டன. ஆல்கஹாலுக்குக் கை கொடுக்க ஆளில்லை. என் கணவர் எட்டிப் பார்த்துவிட்டு, “எத்தனாலிலும் இப்படிப் பிரியுமா?” என்றார். சமையலுப்புக்கு மசியாது, பொட்டாசியம் கார்பனேட் வேண்டும் என்றேன். அவர் எதற்காகக் கேட்டார் என்று எனக்குத் தெரியும், மேற்கொண்டு சொல்லவில்லை. அதன்பின் பெட்டியிலிருந்த நாலு அயனிகளையும் சுளகில் போட்டுப் பார்த்தோம். தண்ணீர்கள் ஓடிப்போய் மொய்த்தன. இரண்டு எத்தனால் வெளியே விழுந்தது. நாலுக்குப் பதில் எட்டு அயனி வைத்திருந்தால் பிரிவதையே காட்டியிருக்கலாம்.

குறைபாட்டைத் தயாரித்த நிறுவனத்துக்குச் சொன்னேன். பெட்டியில் இருந்த எண்ணில் மூன்று நாள் யாரும் எடுக்கவில்லை. நாலாம் நாள் எடுத்தவர், “காந்தம் அதிகமாக இருப்பது நல்லதுதானே மேடம்?” என்றார். அந்த மனிதருக்கு அசிட்டோனைப் பற்றிப் பதினைந்து நிமிடம் பாடம் எடுத்தேன். மாற்று அனுப்புவதாகச் சொன்னார். வரவில்லை. அண்ணாச்சிதான் தன்னிடம் மிச்சமிருந்த இன்னொரு பெட்டியைப் பிரித்து, சரியான அசிட்டோன் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். காசு வாங்கவில்லை. அந்தப் பெட்டியை இனி எப்படி விற்பீர்கள் என்றேன். “ஒரு அசிட்டோன் குறைவு என்று எழுதி ஒட்டி விற்பேன், தப்பான அசிட்டோனை வைத்து விற்பதைவிட அது மேல்தானே டீச்சர்” என்றார்.

பெட்டியைத் திருப்பிக் கொடுக்கவில்லை. தண்ணீருக்காகவே 1,200 ரூபாய் தகும். கலவைக்கு என்று மட்டும் வாங்குகிறவர்கள் ஒரு சுளகும் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். எத்தனாலின் முதுகில் கறுப்பு மையால் இரண்டாவது புள்ளி ஒன்று வைத்து, ‘இங்கேயும் ஒருவர் உட்காரலாம்’ என்று பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள். விளக்கத் தாளை முன்பக்கம் மட்டும் படியுங்கள். கரும்பலகையில் என் பழைய வரியை அழித்துவிட்டு, நேர் விலக்கத்துக்கு எதிரே ‘கட்டிலா ஆற்றல்’ என்று மட்டும் எழுதியிருக்கிறேன். பரீட்சையில் எதை எழுதுவது என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். அதற்கு இன்னும் ‘நாளைக்கு’ என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

கடைக்குப் போகிறவர்கள் ஊக்கு ஒன்று எடுத்துப்போய் ஒவ்வொரு வெள்ளை உருண்டையையும் தொட்டுப் பாருங்கள். அண்ணாச்சி கோபித்துக்கொள்ள மாட்டார், இப்போது அவரே மேசை இழுப்பறையில் ஒன்று வைத்திருக்கிறார். ஞாயிறு கடை கிடையாது. மற்ற நாளில் மதியம் ஒன்றரையிலிருந்து மூன்றரைவரை அவர் உள்ளே உறங்குவார். அந்த நேரத்தில் ஜெராக்ஸ் மட்டும் கிடைக்கும்.